மலையைத் தாக்காதீர்கள், கணக்குப் போடுங்கள்

"ரேஸ் மலையில்தான் ஜெயிக்கப்படுகிறது. ஏற்றம் வந்தால் தாக்கு!"

நீண்ட தூர ட்ரையத்லான் உலகத்தில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. வர்ணனையாளர் சொல்கிறார். பயிற்சியாளர் சொல்கிறார். எடை குறைந்த சக்கரத்தை யானை விலைக்கு விற்கிறவர் கட்டாயம் சொல்கிறார். சாலையோரத்தில் மணியை ஆட்டிக்கொண்டு நிற்கிற ரசிகரும் அதையேதான் கத்துகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீரம் இருக்கிறது, சினிமா இருக்கிறது. ஒன்றுதான் இல்லை... கணக்கு.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, ஒரு வருஷத்து உழைப்பை ஒரே ஏற்றத்தில் கொட்டிவிட்டு, சாயங்காலம் மாரத்தான் பாதையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கிறவர்களை எந்த மலைப் போட்டியிலும் பார்க்கலாம். அவர்களுக்குத் தைரியம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தைரியத்தைச் செலவு செய்ய வேண்டிய இடம் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னவர்கள் தப்பான இடத்தைக் காட்டினார்கள். சண்டை அவர்களோடுதான்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முழு தூர ட்ரையத்லான் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், இடைவேளை கிடையாது. அயர்ன்மேன் என்பது இந்த தூரத்தில் போட்டி நடத்தும் நிறுவனத்தின் பெயர். ஆனால் பேச்சு வழக்கில் தூரத்துக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. பெரும்பாலான போட்டிகளில் முடிக்க 16 அல்லது 17 மணி நேரம் தருவார்கள். நடுவில் சைக்கிளை முடிக்கவும் ஒரு கெடு உண்டு.

இதில் சைக்கிள் பாதை சமதளமாக இருந்தால் ஒரு கதை. மலையாக இருந்தால் வேறு கதை. ஃபிரான்ஸில் நீஸ் நகரத்துப் போட்டி கடற்கரையில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவார மலைகளுக்குள் போய்த் திரும்புகிறது. மொத்த ஏற்றம் சுமார் 2,400 மீட்டர். ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்ஸரோட்டே தீவில் 1992 முதல் நடக்கும் போட்டியில் சுமார் 2,500 மீட்டர் ஏற்றம், கூடவே எரிமலைப் பாறைகளுக்கு நடுவே ஓயாத காற்று. ஃபிரான்ஸின் எம்ப்ரன்மேன் 1984-லிருந்து நடக்கிறது. அதில் சைக்கிள் தூரமே 180-ஐத் தாண்டும், வழியில் 2,360 மீட்டர் உயரத்தில் இருக்கும் இஸ்வார் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். நார்வேயின் நோர்ஸ்மேன் (2003 முதல்) இன்னும் கொடுமை. படகிலிருந்து குளிர்ந்த நீரில் குதித்து ஆரம்பித்து, ஹார்டாங்கர் பீடபூமியைச் சைக்கிளில் கடந்து, கடைசியில் 1,850 மீட்டர் உயரத்தில் ஒரு மலை உச்சியில் ஓட்டம் முடிகிறது.

இந்தப் பாதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. சைக்கிளை விட்டு இறங்கியதும் இன்னும் ஒரு மாரத்தான் பாக்கி இருக்கிறது. மலையைத் தாக்கச் சொல்கிறவர்கள் மறந்துபோவது இந்த ஒன்றைத்தான்.

சரி, கணக்குக்கு வரலாம். ப்ளஸ் டூ பௌதிகம் போதும்.

ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதச் சரிவில் 10 கிலோமீட்டர் ஏற்றம். அதாவது 700 மீட்டர் உயரம். நீஸ் பாதையின் மொத்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த ஆளால் ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்தால் சராசரி 270 வாட் வரும். நாள் முழுக்கத் தாங்குகிற வேகம் என்றால் 200 வாட். பொழுதுபோக்குக்காகப் போட்டியிடுகிற, ஓரளவு நன்றாகப் பயிற்சி எடுத்த ஒருவருக்கு இது நியாயமான எண்.

200 வாட்டில் ஏறினால் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். உச்சிக்கு 55 நிமிடம். தாக்குகிறேன் பேர்வழி என்று 260 வாட்டில் ஏறினால் வேகம் 14-ஐத் தொடும். 43 நிமிடம். ஆக 12 நிமிடம் மிச்சம்!

பார்த்தீர்களா, மலையில்தானே நேரம் இருக்கிறது என்று தாக்குதல் கட்சி குதிக்கும். குதிக்கட்டும். அவர்களுடைய வாதத்திலேயே பலமானது இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சமதளத்தில் அதே 60 வாட்டைக் கூடுதலாகப் போட்டால் வேகம் 36-லிருந்து 40 ஆகும். 10 கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒன்றே முக்கால் நிமிடம்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு எக்கச்சக்கமாக ஏறுவதால் சமதளத்தில் கூடுதல் சக்தியைக் காற்று தின்றுவிடுகிறது. ஏற்றத்தில் எதிரி காற்று இல்லை, புவியீர்ப்பு. அது போட்டதற்கு ஏற்ற கூலி கொடுக்கும். ஆகவே ஏற்றத்தில் கொஞ்சம் அதிகமாகச் செலவழி, இறக்கத்தில் குறைத்துக்கொள் என்பது பௌதிகப்படி சரியான யோசனை.

இதுவரை சரி. ஆனால் பௌதிகம் மிதிப்பதில்லையே, உடம்புதானே மிதிக்கிறது?

உடம்பின் கணக்கு நேர்கோடு இல்லை. 30 சதவீதம் கூடுதல் சக்திக்கு 30 சதவீதம் கூடுதல் விலை என்று அது பில் போடுவதில்லை. பவர் மீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு 'நார்மலைஸ்டு பவர்' என்ற எண் தெரிந்திருக்கும். ஆண்ட்ரூ காகன் என்ற உடற்பயிற்சி விஞ்ஞானி கொண்டுவந்தது. அதில் சக்தியை நான்காவது அடுக்குக்கு உயர்த்திச் சராசரி எடுப்பார்கள். ஏன் நான்காவது அடுக்கு? தீவிரம் ஏற ஏற உடம்பு படும் பாடு அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதால். அந்தக் கணக்குப்படி 10 சதவீதம் கூடுதலாக மிதிக்கும் ஒரு நிமிடம் சுமார் ஒன்றரை நிமிடத்துக்குச் சமம். 30 சதவீதம் கூடுதலாக மிதிக்கும் ஒரு நிமிடம் கிட்டத்தட்ட மூன்று நிமிடத்துக்குச் சமம்.

இது வெறும் சூத்திரம் என்று தள்ளினால், எரிபொருளைப் பாருங்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் 400 முதல் 500 கிராம். அதாவது 2,000 கலோரியைத் தாண்டாது. 200 வாட்டில் மிதிக்கிறவருக்கு மணிக்கு எழுநூறு கலோரிக்கு மேல் செலவு. ஆறு ஏழு மணி நேரம் சைக்கிளில். ஜெல், பானம் என்று மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போனாலும் 240 முதல் 360 கலோரிதான் வரவு. மீதி எங்கிருந்து வரும்? கொழுப்பு கொடுக்கும், நிதானமாக மிதித்தால். உச்ச சக்தியை நெருங்கினால் கொழுப்பு கையை விரித்துவிடும், உடம்பு கிளைக்கோஜனை வாரி இறைக்க ஆரம்பிக்கும். அந்த 43 நிமிடத் தாக்குதலில் 270-க்குப் பக்கத்தில் 260 வாட்டில் போனவர் எரித்தது மாரத்தானின் கடைசிப் பாதிக்கு வைத்திருந்த கையிருப்பை. போதாததற்கு, அந்தத் தீவிரத்தில் வயிறும் சரியாக வேலை செய்யாது. செலவும் அதிகம், வரவும் அடைத்துப்போகும்.

சூடு இன்னொரு பக்கம். மனித உடம்பு ஒரு மட்டமான எஞ்சின். எரிப்பதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம். 200 வாட் மிதிக்கிறவர் சுமார் 700 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறார். 260 என்றால் 900-ஐத் தாண்டும். சமதளத்தில் 36 கிலோமீட்டர் வேகக் காற்று இதை அள்ளிக்கொண்டு போய்விடும். மலையில் வேகமோ 11, 14. காற்றே இல்லை. தெற்கு ஃபிரான்ஸ் கோடை வெயிலில், வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே, இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவதற்குச் சமம்.

இப்போது அந்த 12 நிமிடத்துக்கு வரலாம். ஒருவர் மாரத்தானைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று ஓடக்கூடியவர். கால் தீர்ந்துபோய் நடக்க ஆரம்பித்தால் கிலோமீட்டருக்கு 10 நிமிடம். வித்தியாசம் 4 நிமிடம். மலையில் வீராவேசமாகச் சம்பாதித்த 12 நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை கிலோமீட்டர் நடந்தால் போதும்? மூன்றே மூன்று! ஆனால் இப்படித் தீர்ந்துபோனவர்கள் மூன்று கிலோமீட்டரோடு நிறுத்துவதில்லை. இருபது கிலோமீட்டர் நடக்கிறார்கள். 80 நிமிடம் நஷ்டம். 12 வாங்கி 80 கட்டுகிற இந்த வட்டிக்குக் கந்துவட்டிக்காரனே வெட்கப்படுவான்.

இதே ஆள் 200-க்குப் பதில் 220 வாட்டில் ஏறியிருந்தால்? 50 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாலரை நிமிடம் மிச்சம், உடம்பு தாங்கக்கூடிய விலையில். பௌதிகம் சொல்லும் "ஏற்றத்தில் கொஞ்சம் அதிகம்" என்பதன் உண்மையான அளவு இதுதான். கொஞ்சம் என்றால் கொஞ்சம். "தாக்கு" என்ற சொல்லில் இந்தக் கொஞ்சத்துக்கு இடமே இல்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்க, ஏன் திரும்பத் திரும்ப இதே தப்பு நடக்கிறது? வேடிக்கை என்னவென்றால், மலை மனிதனின் ரோஷத்தைக் கிளறும்படியே அமைந்திருக்கிறது. சமதளத்தில் ஒருவர் முந்தினால் சர்ரென்று போய்விடுவார், முகம்கூடத் தெரியாது. ஏற்றத்தில் 11-ல் போகிறவரை 13-ல் போகிறவர் முந்துகிறார். பக்கத்திலேயே, மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில், மெதுவாக, ரொம்ப மெதுவாக... கடந்து போன பிறகும் பத்து நிமிடம் அவர் முதுகு கண்முன்னே தெரிந்துகொண்டே இருக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குத்தான் நிஜமான மன உறுதி வேண்டும். முந்துகிறவர் ஒருவேளை இன்னும் பலமானவராக இருக்கலாம். பத்து கிலோ எடை குறைந்தவராக இருக்கலாம். அல்லது மதியம் மூன்று மணிக்கு எங்காவது கல்லில் உட்கார்ந்திருக்கப் போகிறவராகவும் இருக்கலாம். எதுவானாலும் அது அவர் கணக்கு.

கூட்டம் இதை இன்னும் கெடுக்கிறது. ஜெர்மனியில் ரோத் நகரப் போட்டியில் ஸோலாரர் பெர்க் என்று ஒரு சின்ன ஏற்றம். ஆயிரக்கணக்கில் ஜனம் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்று, நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடம் மட்டும் விட்டு, காது கிழியக் கத்துவார்கள். இந்த விளையாட்டிலேயே புகழ்பெற்ற காட்சி அது. அந்த இடத்தில் யாருக்குத்தான் கால் சும்மா இருக்கும்? ரோத்தில் ஏற்றம் குட்டி என்பதால் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு நீஸுக்கோ எம்ப்ரனுக்கோ போனால் ஏற்றம் இரண்டு நிமிடத்தில் முடியாது, ஒரு மணி நேரம் போகும்.

"ஆனால் பெரிய ஆட்கள் மலையில் தாக்கித்தானே ஜெயிக்கிறார்கள்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நேராகவே பதில் சொல்லலாம். அயர்ன்மேன் உலகச் சாம்பியன்ஷிப்பை ஹவாய்த் தீவின் கோனாவிலிருந்து பிரித்து, 2023 முதல் 2025 வரை நீஸோடு பங்கு போட்டார்கள். ஒரு வருஷம் ஆண்கள் நீஸில், பெண்கள் கோனாவில். அடுத்த வருஷம் மாற்றி. (2026 முதல் இருபாலருக்கும் மீண்டும் கோனாவிலேயே என்று 2025-ல் அறிவித்துவிட்டார்கள்.) நீஸ் என்றதும் பெரிய கூச்சல். இது சைக்கிள்காரர்களின் பாதை, ஓட்டக்காரர்களுக்கு வேலையில்லை என்றார்கள்.

2023-ல் ஆண்கள் நீஸில் போட்டியிட்டார்கள். ஃபிரான்ஸின் சாம் லெய்ட்லோ சைக்கிளை 4 மணி 31 நிமிடத்தில் முடித்து, 8 மணி 6 நிமிடத்தில் ஜெயித்தார். தாக்குதல் கட்சிக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தப் போட்டியின் இரண்டாம் இடத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே சைக்கிளில் பத்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கினார். பதறவில்லை. மாரத்தானை 2 மணி 32 நிமிடத்தில் ஓடி, ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து, ஏறக்குறைய நான்கு நிமிட வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தார். லெய்ட்லோவும் மலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நடந்தவர் இல்லை. அந்தச் சைக்கிளுக்குப் பிறகு 2 மணி 41 நிமிட மாரத்தான் ஓடினார். தன் எல்லை எது என்று தெரிந்து, அதன் விளிம்பில் போனவர். நாள்கணக்கில், வருஷக்கணக்கில் அளந்து வைத்த எல்லை அது. அதைப் பார்த்துவிட்டு, வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சி எடுக்கிறவர் முதல் கொண்டை ஊசி வளைவில் எழுந்து நின்று மிதித்தால் அது தாக்குதல் இல்லை, வேஷம்.

2025-ல் மறுபடியும் ஆண்கள் நீஸில். முதல் மூன்று இடமும் நார்வேக்காரர்கள். காஸ்பர் ஸ்டோர்னெஸ், குஸ்டாவ் ஈடன், கிறிஸ்டியான் ப்ளூமன்ஃபெல்ட். 2,400 மீட்டர் மலை ஏறி இறங்கிய பிறகு ஸ்டோர்னெஸ் ஓடிய மாரத்தான் 2 மணி 30 நிமிடத்துக்கும் கீழே! சைக்கிள்காரர்களின் பாதை என்று சொல்லப்பட்ட இடத்தில் உலகப் பட்டம் ஓட்டத்தில் முடிவானது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்து, இந்தக் கோஷத்தை வைத்துப் பிழைக்கிற கடைக்காரர்கள். "மலைப்பாதையா? எடையைக் குறையுங்கள்!" என்று கார்பன் சாமான்களைத் தள்ளுகிறார்கள். ஒரு கிலோ குறைத்தால் எவ்வளவு மிச்சம்? ஒரு கிலோவை 2,400 மீட்டர் தூக்கும் வேலை சுமார் 23,500 ஜூல். 200 வாட் மிதிக்கிற ஆளுக்கு அது இரண்டு நிமிடம். இறக்கத்தில் எடை கொஞ்சம் உதவும் என்பதால் நிகர லாபம் அதற்கும் கீழே. நாள் முழுக்கப் போகிற போட்டியில், லட்சக்கணக்கில் செலவழித்து, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. உணவு மேசையில் ஒரு தடவை தடுமாறினால் போய்விடும் அது.

யாரும் தள்ளாத, விலை குறைந்த, நிஜமாக உதவுகிற சாமான் ஒன்று இருக்கிறது. பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி, கேசட். 200 வாட்டில் மணிக்கு 11 கிலோமீட்டர் போகிறவர் முன்னால் 39 பல், பின்னால் 25 பல் வைத்திருந்தால் பெடல் நிமிடத்துக்கு 56 சுற்றுதான் சுற்றும். அதாவது ஒவ்வொரு மிதியும் பாறாங்கல்லைத் தள்ளுகிற மாதிரி. முன்னால் 34, பின்னால் 28 என்றால் 72 சுற்று. பின்னாலும் 34 என்றால் 87. அதே வேகம், அதே சக்தி. ஆனால் 56-ல் மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்கு விசை வேண்டும். தொடை தசைக்கு அந்த வித்தியாசம் மாரத்தானில் தெரியும். இதை விட முக்கியம், பெரிய கியர் வைத்திருக்கிறவர் நினைத்தாலும் நிதானமாக ஏற முடியாது. வண்டி நிற்காமல் இருக்கவே 260 வாட் போட வேண்டிவரும். "தட்டு மாதிரி பல்சக்கரம், பாட்டி கியர்" என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. செய்யட்டும். பாட்டி கியர் வைத்தவர் சாயங்காலம் ஓடிக்கொண்டிருப்பார்.

அதே போல, மலைப்பாதை என்றால் ஏரோபார் எதற்கு, குனிந்து ஓட்டும் நிலை எதற்கு என்பதும் அரைகுறைப் பேச்சு. 2,400 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையிலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். 200 வாட்டில் நிமிர்ந்து போகிறவருக்கும் நன்றாகக் குனிந்து போகிறவருக்கும் அந்த நூறு கிலோமீட்டரில் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். வியர்வை ஒரு சொட்டுக்கூட அதிகம் சிந்தாமல் கிடைக்கும் பத்து நிமிடம்! அதைப் பயிற்சி செய்யச் சொல்லி யாரும் கத்துவதில்லை. கத்தினால் வீரமாகக் கேட்காது இல்லையா.

இப்போது இறக்கம். இங்கே விஷயம் நேரத்தைப் பற்றியது மட்டுமில்லை, எலும்பைப் பற்றியது, சமயத்தில் உயிரைப் பற்றியது.

7 சதவீத இறக்கத்தில் மிதிக்காமல் ஒடுங்கி உட்கார்ந்தாலே நேர்ச்சாலையில் வேகம் 65-ஐத் தாண்டிவிடும். அங்கே 200 வாட் போட்டு மிதித்தால் 10 கிலோமீட்டருக்கு மிச்சம் 40 நொடி. வளைவுகள் வந்தால் அதுவும் இல்லை. ஆகவே இறக்கத்தில் மிதிப்பது வீண். உடம்பை ஆறவிடுகிற நேரம் அது. சரிவு மிதமாக இருக்கும் நேரான இடத்தில் குடிக்கலாம், சாப்பிடலாம். வளைவுகளில் கை பிரேக் மேல் இருக்க வேண்டும், ஏரோபாரில் இல்லை. ஏரோபாரில் படுத்திருக்கிறவர் பிரேக்கைத் தொடக் கையை எடுத்து மாற்ற வேண்டும். 65 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 18 மீட்டர். அந்த ஒரு நொடியில் வளைவு வந்து சேர்ந்துவிடும்.

பிரேக்கும் அப்படித்தான். இறக்கம் முழுக்க லேசாக அழுத்திக்கொண்டே வருவது பயந்தவர்கள் வழக்கம். சூடு ஏறிக்கொண்டே போகும். விளிம்பில் பிடிக்கும் பழைய வகை பிரேக்கும் கார்பன் சக்கரமும் சேர்ந்தால் விளிம்பே சேதமாகலாம். வளைவுக்கு முன், நேர்ச்சாலையில், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை நாடக்கூடாது. பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும், முன்சக்கரத்தில் இல்லை. இதெல்லாம் பயிற்சியில் வருகிற கைத்திறன், தைரியம் இல்லை.

தாக்குதல் கட்சி செய்கிற பெரிய பாவம் இங்கேதான் இருக்கிறது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவர்கள் இரண்டு தனித்தனி விஷயமாகப் பார்க்கிறார்கள். உச்சியில் நாக்குத் தள்ளி, கை நடுங்கி, சர்க்கரை இறங்கி, தலை கிறுகிறுத்து வந்து சேர்கிற ஒருவர் அடுத்த நிமிடமே 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க ஆரம்பிக்கிறார். களைத்த மூளை தாமதமாக முடிவெடுக்கும், களைத்த கை தாமதமாகப் பிரேக் பிடிக்கும். ஏற்றத்தில் செய்த தப்புக்கு மாரத்தானில் கட்டும் அபராதம் நேரம். இறக்கத்தில் கட்டினால் தோள் எலும்பு. ஆகவே எந்த ஏற்றத்திலும் கடைசி இரண்டு மூன்று நிமிடம் குறைத்துக்கொண்டு, மூச்சு சீராகி, தண்ணீர் குடித்து, ஒரு மேல்சட்டையின் ஜிப்பை ஏற்றிவிட்டு இறங்குகிறவர் கோழை இல்லை. அவருக்குத்தான் விளையாட்டு புரிந்திருக்கிறது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக:

ஒன்று. பாதையின் உயர வரைபடத்தை மனப்பாடம் செய்யுங்கள். எந்த ஏற்றம் எத்தனை நிமிடம் என்று முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு. ஒரு உச்சவரம்பு வையுங்கள். நாள் முழுக்கத் தாங்கும் சக்திக்கு மேல் 10 சதவீதம். செங்குத்தான துண்டுகளில் சில நொடிகள் தாண்டலாம், நிமிடக்கணக்கில் கூடாது. பவர் மீட்டர் இல்லையா? ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வரம்பைத் தாண்டியாயிற்று.

மூன்று. முதல் ஏற்றம் எப்போதும் சுலபமாகத் தோன்றும். நீச்சலின் படபடப்பு, புதுக்கால்கள், போட்டி வேகம். அதை நம்பக்கூடாது. முதல் ஏற்றத்தில் சலிப்புத் தட்டுகிறது என்றால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

நான்கு. ஏற்றம் தொடங்குவதற்கு முன் சாப்பிட்டு முடியுங்கள். ஏற்றத்தின் நடுவில் சாப்பாட்டை மறந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும்.

ஐந்து. இறங்கப் பழகுங்கள். பயிற்சி நாட்களில் மலை ஏறிவிட்டு "வேலை முடிந்தது" என்று இறங்குவதில்லை. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

"இப்படிக் கணக்குப் பார்த்து ஓட்டினால் விளையாட்டில் என்ன சுவாரஸ்யம்? குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதே?" என்று ஒரு கடைசி ஆட்சேபணை வரும். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யாரும் அட்டவணையை நிரப்புவதற்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பயிற்சி செய்வதில்லை. அந்த வெறி வேண்டியதுதான். ஆனால் அதற்கான இடம் இந்தப் போட்டியில் காலியாகவே இருக்கிறது: மாரத்தானின் 30-வது கிலோமீட்டருக்குப் பிறகு. அங்கே தாக்குங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் தாக்குங்கள். அதற்குப் பிறகு சேமித்து வைக்க ஒன்றும் இல்லை. முன்னால் போகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். காலையில் மலையில் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு முந்திப் போன அந்த முதுகும் அங்கே இருக்கும், பெரும்பாலும்.

அடுத்த தடவை யாராவது "மலையில்தான் ரேஸ்" என்று ஆரம்பித்தால், அவர் எந்த மலையை எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று கேட்க வேண்டாம். அன்றைக்கு மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று மட்டும் கேளுங்கள். பேச்சு சட்டென்று வானிலை பக்கம் திரும்பிவிடும் :-)